தலைக்கறி மூக்காயி

மூக்காயி ஆட்டுத் தலையைப் பிளப்பதைப் பார்க்கச் சந்தையில் ஆட்கள் நின்றுவிடுவார்கள். தலையைத் தீயில் வாட்டி, மயிர் கருகியதும் கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவுவாள். பிறகு புளியங்கட்டையின் மேல் நிமிர்த்தி வைத்து, இரண்டு கொம்புக்கும் நடுவில் அரிவாளைப் பதித்து, அதன் முதுகில் உருட்டுக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவாள். ஓடு விரிந்துகொடுக்கும். உள்ளே மூளையில் ஒரு கீறல் இருக்காது. சவ்வோடு சேர்த்து அதை உள்ளங்கையில் ஏந்தி வாழையிலைத் துண்டில் இறக்கிவைப்பாள். மற்றவர்கள் பிளந்தால் பாதி மூளை கட்டையிலேயே அப்பிக்கொள்ளும்.

"மூளை குடுத்தாப் பிள்ளைக்குப் புத்தி வருமாத்தா?" என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"வரும். ஆட்டுக்கு இருந்த புத்தி வரும். கத்தியக் கண்டும் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிற புத்தி" என்பாள் மூக்காயி.

அவள் பிறந்தது கீரமங்கலம் பக்கம். எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குத் தெற்கே, கண்மாயை நம்பிய ஊர். செல்லமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அரிவாளும் கட்டையும்தான் சீர் என்று ஊரார் கேலி செய்தார்கள். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு முள்வேலிதான். அதனால் அவர்கள் வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் போனதில்லை.

செல்லமுத்து ஓயாமல் பேசுகிற மனிதன். மாட்டோடு பேசுவான், வரப்போடு பேசுவான், சாப்பிடும்போது சோற்றைப் பற்றியே பேசுவான். ஏற்றம் இறைக்கும்போது அவன் எடுக்கிற பாட்டு அடுத்த ஊர்க் கிணறுவரை கேட்கும். "இந்த மனுசன் வாயில ஒரு நாளைக்காவது ஈ மொய்க்காதா" என்று மூக்காயி அலுத்துக்கொள்வாள். அப்புறம் அந்தச் சொல்லை நினைத்து நினைத்து அவள் அழுததையும் நான் பார்த்தேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடையில் எங்கள் கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றியது. தண்ணீர் வற்றினால் மீன்பிடி. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும். அதற்கு முன்னால் யாரும் காலை நனைக்கக் கூடாது. வீசிய பிறகு எந்த ஊரான் வேண்டுமானாலும் இறங்கலாம், பிடித்த மீன் பிடித்தவனுக்கு. அந்த வருஷம் துண்டை வீசும் உரிமை செல்லமுத்துவின் அண்ணன் ஆத்மநாதனுக்கு. அவர் துண்டை இடுப்பிலிருந்து எடுக்கும்போதே பக்கத்து ஊரான மேலூர்க்காரர்கள் வடகரையில் இறங்கிவிட்டார்கள். "எறங்கிட்டானுக! எறங்கிட்டானுக!" என்று எங்கள் ஆட்கள் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். துண்டை வீசினாரா இல்லையா என்றே யாரும் பார்க்கவில்லை.

முதலில் மீனுக்காக இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மீன் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. வலைக்கம்பு முறிந்தது. சேற்றில் ஒருவன் கழுத்தை இன்னொருவன் அமுக்கினான். தண்ணீர் கலங்கி, ஆட்கள் தலைமுதல் கால்வரை சேறாகி, யார் எந்த ஊர் என்று அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பெண்கள் கரையில் கூடைகளோடு நின்றோம். மூக்காயியின் கைக்குழந்தை என் இடுப்பில் இருந்தது.

செல்லமுத்து சண்டையில் சேரவில்லை. அவன் ஊத்தாவுக்குள் பெரிய விரால் ஒன்று சிக்கியிருந்தது. ஊத்தா என்பது அடி அகன்று மேல் குறுகிய மூங்கில் கூடு, மீனின் மேல் கவிழ்த்துப் பிடிப்பது. அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்திருந்த மைத்துனனைக் கூப்பிட்டான். மைத்துனன் நாகராசு, மூக்காயியின் தம்பி.

"நாகராசு! டேய் நாகராசு! கூடையக் கொண்டாடா! நாகராசு..."

மூன்றாவது தடவை அவன் வாயிலிருந்து பெயர் முழுசாக வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு மண்வெட்டி அவன் தலையில் விழுந்தது. வெட்டுவாய் அல்ல, காம்பு மாட்டுகிற இரும்புக் காதுப் பக்கம். இடது காதுக்கு மேலே, நெற்றியை ஒட்டிய இடத்தில். கரைவரை அந்தச் சத்தம் கேட்டது. மூக்காயிக்கு அது தெரிந்த சத்தம். கூடையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினாள்.

மண்வெட்டியைப் பிடித்திருந்த கை யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. மேலூர்க்காரனா, எங்கள் ஊர்க்காரனா, தவறி விழுந்த அடியா, இன்றுவரை தெரியாது. மண்வெட்டி மட்டும் சேற்றில் கிடந்தது. இரண்டு ஊரிலும் யாரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை.

மூக்காயி தன் முந்தானையைக் கிழித்துத் தலையைச் சுற்றினாள். சுற்றும்போது அவள் விரல் ஓரிடத்தில் உள்ளே போயிற்று. "ஓடு உள்ள போயிருச்சு. யாரும் அமுக்காதீங்க, தலையத் தூக்காதீங்க" என்று கத்தினாள். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வழியெல்லாம் அவன் மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது. மூக்காயி அவன் தலையைத் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஜெகபர் அலி என்பவர் ஓட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டுத் தைத்தார். பிழைத்தால் ஆச்சரியம் என்றார். செல்லமுத்து பிழைத்தான். கண் விழித்தபோது வலது கை செத்துக் கிடந்தது. வலது கால் மரக்கட்டையாக இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனால் கண்ணில் அவன் இருந்தான். மூக்காயியைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், அழுதான்.

அந்த நேரத்தில்தான் ஆத்மநாதனும், கடைசித் தம்பி அடைக்கலமும் கட்டிலருகே வந்து நின்றார்கள்.

"தம்பி, யாருடா ஒன்னைய அடிச்சது?" என்று ஆத்மநாதன் குனிந்து கேட்டார்.

செல்லமுத்துவின் உதடு நடுங்கியது. மிகவும் கஷ்டப்பட்டு ஒரு சொல் வந்தது.

"நாகராசு."

அடைக்கலம் திரும்பி நடந்தான். வராந்தாவில் அவன் கால்சத்தம் ஓட்டமாக மாறியதை நான் கேட்டேன். மறுநாளே கீரமங்கலத்தில் நாகராசுவின் வைக்கோல்போர் எரிந்தது. அவனுடைய உழவு மாடுகள் இரண்டின் பின்கால் நரம்புகளையும் யாரோ அறுத்திருந்தார்கள். மாடுகள் எழுந்திருக்கப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து விழுந்தனவாம். நாகராசு அவற்றின் நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டானாம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. 'பேர் கேட்பது' என்று அதற்குப் பெயர். அடிதடியில் காயம்பட்டவனை ஐயனார் கோயிலுக்குக் கொண்டுவந்து, கிடா வெட்டி, அடித்தவன் பெயரை மூன்று தடவை கேட்பார்கள். மூன்று தடவையும் அவன் வாய் ஒரே பெயரைச் சொன்னால் வேறு சாட்சி கிடையாது. எந்த ஆயுதத்தால் எந்த இடத்தில் அடி விழுந்ததோ, அதே ஆயுதத்தால் அதே இடத்தில் பெயருக்குரியவனுக்கு ஓர் அடி. அதோடு பகை முடிந்தது. ஒருவனுக்காக ஒரு வம்சமே வெட்டிக்கொண்டு சாகக் கூடாது என்றுதான் முன்னோர் இதை வைத்திருந்தார்கள். சமஸ்தானத்துப் போலீஸ் காலடி படாத ஊர் என்று எங்கள் ஆட்களுக்கு இதில் பெருமை வேறு.

இனிமேல் நாகராசுவின் உயிர் செல்லமுத்துவின் வாயில் இருந்தது.

நாகராசு அடித்தான் என்பதை மூக்காயி நம்பவில்லை. தம்பி என்பதற்காக என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் நாள்முழுதும் புருஷன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாகம் எடுத்தால் அவன் சொம்பைக் காட்டி "நாகராசு" என்றான். கஞ்சி சுட்டால் "நாகராசு". குழந்தையை இடது கையால் தடவிக்கொண்டே கொஞ்சலாக "நாகராசு, நாகராசு" என்றான். சொல்லிவிட்டு, தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று தெரிந்து, கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொள்ளப் பார்ப்பான். நாங்கள் பிடித்துக்கொள்வோம்.

டாக்டர் தலைக்காயத்தின் கட்டு மாற்ற வந்தபோது மூக்காயி கேட்டாள்.

"அய்யா, இவருக்குப் புத்தி போயிருச்சுங்களா?"

"புத்தி இருக்கும்மா. நீ சொல்றது எல்லாம் அவருக்கு வெளங்குது. சொல்றதுக்குத்தான் வழி இல்லை."

"வெளங்கறதும் சொல்றதும் ஒண்ணு இல்லீங்களா?"

டாக்டர் யோசித்தார். "நீ என்ன வேலை பாக்குற?"

"தலைக்கறிங்க. சந்தையில ஆட்டுத்தலை பொளந்து விக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஒனக்குச் சொல்றது சுலபம். ஓட்டத் தொறந்தா மூளை எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்."

"ரெண்டு பாதியா இருக்கும், கோழிக்கொண்டைப் பூ மாதிரி மடிப்பு மடிப்பா. பின்னாடி அடியில சின்னதா ஒண்ணு, கோடு கோடா. அதுக்கும் கீழ வெள்ளைத் தண்டு, கழுத்துக்குள்ள எறங்கும்."

"மனுசனுக்கும் அதேதான். மடிப்பு மட்டும் ரொம்ப ஜாஸ்தி. மேல இருக்கற பெரிய பாதி ரெண்டும் பெருமூளை. எடது பாதி ஒடம்போட வலது பக்கத்த ஆட்டுது, வலது பாதி எடது பக்கத்த."

"மாறியா இருக்கு?"

"மாறித்தான் இருக்கு. அடி எடது பக்கம், கை விழுந்தது வலது பக்கம். பாத்தியா? அந்த எடது பாதியில, நெத்திக்குப் பக்கத்துல, சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்புற எடம் ஒண்ணு இருக்கு. காதுக்குப் பின்பக்கமா, கேட்டதப் புரிஞ்சிக்கிற எடம் வேற. மண்டைக்குப் பின்னால கண்ணு பாக்குறதுக்கு ஒரு எடம். ஒரு வீட்டுல அடுப்படி, மாட்டுக்கொட்டில், நெல்லுக்குதிர்னு தனித்தனியா இருக்குல்ல? அதுபோல. ஒன் புருசன் வீட்டுல ஒரு அறை மட்டும் இடிஞ்சுபோச்சு."

"பின்னாடி இருக்கற சின்னது?"

"சிறுமூளை. அது இல்லேன்னா நடக்கலாம், ஆனா கள்ளு குடிச்சவன் மாதிரி நடக்கணும். தண்டு இருக்கே, அதுலதான் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும். அதுல அடிபட்டா எங்கிட்ட கொண்டுவர வேண்டாம்."

மூக்காயி வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை காலமாக அவற்றை ஏந்தி இலையில் வைத்திருக்கிறாள்.

"அப்ப அந்த ஒரு பேரு மட்டும் எப்படிங்க வருது?"

"அடி விழுந்தப்ப அவர் என்ன சொல்லிக்கிட்டிருந்தார்?"

அவள் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். "சில பேருக்கு அப்படி ஒரு சொல் தங்கிப்போகும். வாயத் தொறந்தா அதுதான் விழும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா. பாட்டு வரலாம். கோவத்துல வசவு வரலாம். அதெல்லாம் வேற எடத்துலேருந்து வர்றதா நினைக்கிறோம்."

அவர் ஆத்மநாதனையும் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னார். ஆத்மநாதன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில், "டாக்டரய்யா, மண்டையத் தச்சீங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடுறோம். ஆனா அடிபடுறப்ப அவன் கத்தினது நாகராசு பேரு. முழிச்சதும் சொன்னது நாகராசு பேரு. சாமிக்கு முன்னால அவன் என்ன சொல்றான்னு பாத்துக்குவோம்" என்றார்.

நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது செல்லமுத்து ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தான். தையல் போட்ட இடத்தில் எலும்பு இல்லை. அங்கே தோல் குழந்தையின் உச்சிக்குழி போலத் துடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்தில் மூக்காயி ஏற்றப்பாட்டை மெதுவாக எடுத்துக்கொடுப்பாள். அவன் கூடவே பாடுவான், சொல் பிசகாமல். பாட்டு முடிந்ததும் அவள் ஆசையோடு, "எம் பேரு என்ன, சொல்லுங்க" என்பாள்.

"நாகராசு" என்பான்.

பேர் கேட்கிற நாள் வந்தது. நாகராசுவைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அவனே வந்தான். "எம் மச்சான் வாயால நான் அடிச்சேன்னு வராது. வரட்டும் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டு கோயில் திடலுக்கு நடந்துவந்தான். மாடு போனபின் அவனுக்குப் பயம் போய்விட்டது போலிருந்தது. அடைக்கலம் அவனை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினான். கயிறு தேவையில்லை என்று நாகராசு சொன்னதற்கு வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. பல் ஒன்று மணலில் கிடந்தது.

பெண்கள் திடலுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். ஆனால் வெட்டிய கிடாவின் தலையைப் பிளந்து பூசாரிக்குக் கொடுப்பது மூக்காயி வந்த நாளிலிருந்து அவள் வேலை. அதனால் அவள் வழக்கம்போல் கட்டையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளைத் தடுக்க வேண்டும் என்று ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவளை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

உச்சி வெயில். கிடா விழுந்தது. இரத்தம் மணலில் ஓடித் தேங்கியது. சேற்றில் கிடந்த அந்த மண்வெட்டியைக் கழுவி, மாலை போட்டு, குதிரைச் சிலையின் காலடியில் வைத்திருந்தார்கள். செல்லமுத்துவை இரண்டு பேர் தாங்கி நிறுத்தினார்கள்.

"சாமி முன்னால சொல்லு. ஒன்னைய அடிச்சது யாரு?" என்று ஆத்மநாதன் கேட்டார்.

செல்லமுத்து வாயை இறுக மூடிக்கொண்டான். தலையை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினான்.

"வாயால சொல்லணும்டா."

அவன் எவ்வளவு நேரம் அடக்கினான் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீரும் எச்சிலும் ஒழுகின. வாய் திறந்தது.

"நாகராசு."

மரத்தில் கட்டியிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "மச்சான்!" என்றான். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை கேட்டார்கள். செல்லமுத்து இடது கையால் தன் வாயிலேயே அறைந்துகொண்டான். அறைந்துகொண்டே அதே பெயரைச் சொன்னான்.

மூன்றாவது தடவை கேட்பதற்குள் மூக்காயி எழுந்துவிட்டாள். அதற்குள் தலையைப் பிளந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் கிடாவின் மூளை முழுசாக இருந்தது.

"பெரியத்தான், கேளுங்க. இத்தன வருசமா ஒங்க முன்னால நான் வாயத் தொறந்ததில்ல."

"பொம்பள பேசற எடமா இது?" என்று யாரோ கத்தினார்கள்.

"தலை பொளக்கிற எடந்தானே? அதத்தான் பேச வந்தேன்." அவள் ஆத்மநாதனின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். "இந்த எடதுபக்கத்துலதான் அவருக்கு அடி. பேச்சு இருக்கற எடம் இங்கதானாம்." பெருவிரலை அதில் வைத்து அழுத்தினாள். மடிப்புகள் குழைந்து விரல் முட்டிவரை உள்ளே இறங்கியது. ஆண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "இதுக்குள்ளருந்து இன்னொரு பேரத் தேடி எடுத்துச் சொல்லச் சொல்றீங்களே, எப்படிச் சொல்லுவாரு? ஒடஞ்ச பானைக்குள்ள ஒட்டியிருக்கற ஒரு பருக்கைதான் அந்தப் பேரு."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். கிடாவைக் காட்டினாள்.

"இது என்னங்க?"

"நாகராசு."

"ஒங்களப் பெத்த ஆத்தா பேரு?"

"நாகராசு."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மூக்காயி ஐயனாரைக் காட்டினாள்.

"அங்க இருக்கறது யாரு?"

செல்லமுத்து சாமியைப் பார்த்தான். கும்பிடுவதற்கு அவனுக்கு ஒரு கைதான் எழுந்தது. "நாகராசு" என்றான்.

"இவரு யாரு?" என்று ஆத்மநாதனைக் காட்டினாள்.

"நாகராசு" என்றான் செல்லமுத்து. சொல்லிவிட்டுக் குழந்தையைப் போல விம்மினான்.

ஆத்மநாதனின் முகம் மாறியதை நான் வெளியே நின்றே பார்த்தேன். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். மீன்பிடியன்று யாரும் பார்க்காமல் போன அந்த வெள்ளைத் துண்டையே வீசப்போகிறவர் போலக் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"தம்பியக் காப்பாத்த ஆட்டு மூளையக் காட்டி வித்தை பண்றா! நீயும் மயங்குறியே!" என்று அடைக்கலம் கத்தினான். அவன் கையில் மண்வெட்டி எப்போது வந்தது என்று தெரியவில்லை. மாலைப் பூக்கள் உதிர அதை ஓங்கினான்.

அப்போது செல்லமுத்துவின் வாயிலிருந்து வேறு சொற்கள் வந்தன. தெளிவாக, பழைய குரலில், திடல் முழுக்கக் கேட்கும்படி.

"நாசமாப் போறவனே! வெளங்குவியாடா நீ!"

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அடைக்கலம்கூடத் திரும்பினான், ஆனால் மண்வெட்டி பாதி வழி வந்துவிட்டது. ஆத்மநாதன் பாய்ந்து காம்பைப் பற்றினார். இடது நெற்றியில் விழவேண்டிய இரும்பு சரிந்து, தலையை முன்னால் குனிந்துகொண்ட நாகராசுவின் பிடரிக்கு மேலே பின்மண்டையில் இறங்கியது. அவன் கயிற்றில் தொங்கினான்.

மூக்காயி அலறவில்லை. கையிலிருந்ததை எறிந்துவிட்டு ஓடி, அவன் மூக்கடியில் விரலை வைத்தாள். "மூச்சு இருக்கு. தண்டு நல்லாருக்கு. கயித்த அறுங்க. கழுத்த மடக்காதீங்க. தண்ணி ஊத்துறவன் கைய வெட்டுவேன்." அவள் சொன்னபடியே செய்தார்கள். அடைக்கலம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் செல்லமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லமுத்து அவனை விடாமல் வைதுகொண்டே இருந்தான், அதே இரண்டு வசவையும், மூச்சு முட்டும்வரை.

மறுபடியும் அதே வண்டி, அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். இந்தத் தடவை டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அடைக்கலத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர் முதல்தடவையாகத் தொப்பிக்காரர்களைப் பார்த்தது. ஆத்மநாதன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பிக்குச் சிறை என்றபோதும் மாற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பேர் கேட்டதாக நான் அறியவில்லை. வேண்டாம் என்று யாரும் விதி செய்யவில்லை. ஐயனார் முன்னால் நின்று கேட்பதற்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நாகராசு செத்துப்போகவில்லை. ஆனால் டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. காலை அகட்டி வைத்து, தள்ளாடித் தள்ளாடி நடந்தான். சொம்பை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், தட்டிவிடும். பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தூக்கித் தூக்கி வைப்பது போல வந்தது. கீரமங்கலத்தில் அவனுக்கு மாடும் இல்லை, பார்ப்பவர்களும் இல்லை. மூக்காயி தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சந்தைக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். ஒருவன் காலை இழுத்து வருவான், ஒருவன் தள்ளாடி வருவான். நாகராசுவின் கையில் செல்லமுத்துவின் தோள் இருக்கும். "ஒரு ஆளுக்கு வாய் இல்ல, ஒரு ஆளுக்குக் கால் இல்ல. ரெண்டையும் சேத்தா ஒரு ஆம்பளை தேறுவானா மூக்காயி?" என்று சந்தையில் ஒரு தடியன் கேட்டான். அவன் கை கட்டையின்மேல் இருந்தது. அவன் விரல்களுக்கு நடுவில் அரிவாளை நட்டுவைத்துவிட்டு, "ஒந் தலைய வச்சா, உள்ள என்ன தேறும்னு பாத்துச் சொல்லுவேன்" என்றாள். விரலில் கீறல் இல்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாகராசுதான் செல்லமுத்துவுக்கு வாய். கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்வான். "மச்... சான் பொகயி... லை கேக்... குறாங்க" என்பான். செல்லமுத்து ஆமாம் என்று தலையாட்டி, "நாகராசு" என்பான். அந்த ஒரு ஆளைக் கூப்பிடும்போது மட்டும் அவன் சொல் சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மூக்காயி ஒரு பழக்கத்தை விட்டுவிட்டாள். புத்தி வருமா என்று கேட்பவர்களைக் கேலி செய்வதில்லை. மூளையை இலையில் வைக்கும்போது இடது பக்கம் மேலே தெரியும்படி வைப்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த வருஷத்தில் அடைக்கலம் சிறையிலிருந்து வந்தான். தலை நரைத்திருந்தது. ஊரில் யாரோடும் ஒட்டவில்லை. ஒரு சந்தை நாளில் தலையில் விறகுக்கட்டோடு மூக்காயியின் கட்டைக்கு எதிரில் வந்து நின்றான். தலை வாட்டுவதற்கு விறகு நிறைய வேண்டும். அவள் பார்க்கவில்லை. அவன் விறகை இறக்கினான். நிழலில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து நிமிர்ந்தான். முகம் சிவந்தது. நெற்றியோரத்தில் எலும்பில்லாத இடம் குதித்தது.

"நாசமாப் போறவனே! வெளங்குவியாடா நீ!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அடைக்கலம் தலையைக் குனிந்து நின்று முழுதும் கேட்டுக்கொண்டான். வசவு ஓய்ந்ததும், "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த சந்தைக்கும் வந்தான். அதற்கடுத்ததற்கும். விறகை இறக்குவான், வசவை வாங்கிக்கொள்வான், "சரிண்ணே" என்பான், போவான். செல்லமுத்துவின் வாயில் இரண்டாவதாக ஒரு பேச்சு இருந்தது என்றால் அது இவனுக்கு மட்டும்தான். மாசி மாதத்தில் ஒரு நாள் செல்லமுத்துவுக்குக் காய்ச்சல், சுருண்டு படுத்திருந்தான். அடைக்கலம் விறகை இறக்கிவிட்டு நின்றான். வசவு வரவில்லை. அவன் போகாமல் வெயிலிலேயே நின்றான். நாகராசு கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து, மச்சானின் தோளைத் தொட்டு, "அடைக்... கலம் வந்... திருக்கான் மச்... சான்" என்றான்.

செல்லமுத்து கண்ணைத் திறந்தான். குரல் எழும்பவில்லை. ஆனாலும் சொன்னான். "நாசமா... போறவனே..."

"சரிண்ணே" என்றான் அடைக்கலம். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டது எனக்குக் கேட்டது.

மூக்காயி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். அது சீறிப் புகைந்தது. அவன் வரத் தொடங்கிய இத்தனை காலத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள், அவனைப் பார்க்காமல், நெருப்பைப் பார்த்து.

"வெறகு பச்சையா இருக்கு. அடுத்த வாரம் காஞ்சதாக் கொண்டாரச் சொல்லு, நாகராசு" என்றாள்.